வலி உயிர் போகிறதா? அது மூலமாக இல்லாமலும் இருக்கலாம்

கேள்வி: வயது 36. ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறேன். ஒரு மாதமாக வெளிக்குப் போகும்போது கத்தியால் கீறினாற்போல் வலி. அப்புறமும் இரண்டு மணி நேரம் எரிகிறது. இரண்டு சொட்டு ரத்தமும் வருகிறது. மூலம் என்கிறார்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சம். என்ன செய்ய?

பதில்: நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம்தான்! உள்மூலம் பெரும்பாலும் ரத்தம் காட்டும், வலி காட்டாது. நீங்கள் சொல்வது ஆசனவாய் வெடிப்பு போலத் தெரிகிறது. இறுகிய மலம் தோலைக் கிழித்துவிடுகிறது. வலியில் ஆசனவாயை மூடிவைக்கும் உள்சுருக்குத் தசை இறுக, ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாமல் கிடக்கிறது. அந்த இரண்டு மணி நேர வேதனை இந்தத் தசைப்பிடிப்புதான். வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும்.

சுளகை மடியில் வைத்தால் கணக்கு முடியும்வரை எழுந்திருக்க மாட்டீர்கள், தண்ணீரும் குடிக்க மாட்டீர்கள். முதலில் மாற வேண்டியது அதுதான். பக்கத்திலேயே ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். கம்பங்கூழ், கீரை, கூட்டாஞ்சோறு எல்லாம் நல்லது. காரத்தை மட்டும் குறையுங்கள். போதாவிட்டால் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, நிறையத் தண்ணீரோடு.

வெளிக்குப் போய் வந்ததும் அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று தடவை. டெட்டால், மஞ்சள் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

இதோடு தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பை டாக்டர் எழுதித் தருவார். வலி நின்றதும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், புண் திரும்பி வருகிறது. 6 முதல் 8 வாரம் போட வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மூலக் களிம்பு சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. நாள்கணக்கில் போட்டால் தோல் மெலியும். களிம்புக்கு ஆறாவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம்' என்று போர்டு மாட்டிய இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள்.

காய்ச்சலோடு விண்விண்ணென்று தெறிக்கும் வீக்கம் என்றால் சீழ்க்கட்டி, அன்றைக்கே காட்டுங்கள். மலத்தோடு கலந்த ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

கூச்சம் நியாயம்தான். ஆனால் வெடிப்பை லேசாக விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வலி இருக்கும்போது விரல் விட்டுச் சோதிக்கத் தேவையிருக்காது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். பெண் டாக்டர் பார்க்க முடியுமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.