கப்பலுக்கு என்ன துணி, எத்தனை பெட்டி? – கேள்வி பதில்

ஒன்பது வருடம் சொகுசுக் கப்பல்களில் வேலை பார்த்தேன். முதலில் லாண்டரி, பிறகு கேபின் சுத்தம் செய்யும் பிரிவு. ஊர் தூத்துக்குடி. பயணிகள் பெட்டியைத் திறக்கும்போதும் கடைசி இரவில் மூடும்போதும் பக்கத்தில் நின்றவன் என்பதால், நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு அக்கா: சிங்கப்பூரிலிருந்து 4 இரவுப் பயணம். ஒரு நாள் 'ஃபார்மல் நைட்' என்று போட்டிருக்கிறது. வீட்டுக்காரரிடம் கோட் சூட் கிடையாது. புதிதாகத் தைக்கவேண்டுமா?

வேண்டாம் அக்கா. அந்தப் பணத்தில் பினாங்கிலோ புக்கெட்டிலோ ஒரு நாள் நன்றாகச் சுற்றிப் பார்க்கலாம்.

ஃபார்மல் நைட் என்பது கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் அன்று இரவு நன்றாக உடுத்தி வரச் சொல்லும் வழக்கம். குறுகிய பயணத்தில் பெரும்பாலும் ஒரு நாள், 7 இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு நாள் இருக்கும். கோட் சூட் போட்டு வருகிறவர்கள் உண்டு. முழுக்கைச் சட்டை, கால்சட்டை, ஷூவோடு வருகிறவர்கள் அதைவிட அதிகம். அவரிடம் நல்ல பட்டுச்சட்டையும் வேட்டியும் இருக்குமே? கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போவது போலக் கட்டிக்கொண்டு வரட்டும். அட்லாண்டிக்கைக் கடக்கும் குனார்ட் கம்பெனிக் கப்பல்களில் உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். அங்கேகூட அவரவர் நாட்டு உடைக்கு இடமுண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் என்கிற முழங்கால் வரைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு அதே வாசலில் நிற்பார். நம்மவர் வேட்டியோடு நிற்பதில் என்ன குறை?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் குடும்பங்கள் அன்று இரவு 'நம்ம உடுப்பு சரியாக இருக்காதோ' என்று கேபினிலேயே இருந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் பட்டுப்புடவை மடித்தபடி இருக்கும். அம்மா கேபினில் உட்கார்ந்து தயிர்சாதம் தேடுவார். மனசு கேட்காது. அந்தக் கூடத்தில் பட்டுப்புடவைக்குக் கிடைக்கும் மரியாதையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். வேட்டிக்கு இடுப்பில் பெல்ட் அவசியம், கப்பல் ஆடும்போது அவிழ்ந்தால் சங்கடம். ஒட்டிக்கொள்ளும் வேட்டியானால் இன்னும் நிம்மதி. ரப்பர் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள், பின்வார் வைத்த தோல் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். உடுத்தப் பிடிக்கவில்லையென்றாலும் பாதகமில்லை, பஃபே கூடத்தில் அன்றும் சாதாரண உடுப்பிலேயே சாப்பிடலாம்.

சேலம்: காஞ்சிப் பட்டு கொண்டுவரலாமா? கசங்கினால் என்ன செய்வது?

கொண்டுவரலாம். ஆனால் முகூர்த்தப் புடவை வேண்டாம் அம்மா. அடர்ந்த ஜரிகை போட்டது தனியாகவே ஒரு கிலோவை நெருங்கும், உப்புக் காற்றில் ஜரிகை கறுக்கவும் செய்யும். சின்னக் கரை வைத்த மென்பட்டு, கிரேப் பட்டு இவை எடை குறைவு, மடிப்பும் விழாது. பட்டுதான் என்றால் பழைய மல்வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கேபினுக்குள் போனதும் முதல் வேலையாக எடுத்து அலமாரியில் தொங்கவிடுங்கள். மறுநாள் இரவுக்குள் சுருக்கம் பாதி போய்விடும்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிடும் வழி பருத்திச் சட்டைக்கு நல்லது. பட்டுக்குக் கூடாது, நீர்த்துளி பட்ட இடம் கறையாக நின்றுவிடும்.

புடவை, ரவிக்கை, உள்பாவாடை, பத்து ஊக்கு, அன்று போடும் கவரிங் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு வையுங்கள். உள்பாவாடையை மறந்துவிட்டு வந்து படுக்கை விரிப்பைக் கேட்டவர்கள் உண்டு, கொடுத்திருக்கிறேன். கூடத்தில் ஏசி நன்றாகக் குளிரும், ஒரு சால்வை வேண்டும். ஊசிக்குதிகால் செருப்பு வேண்டாம். வெளித்தளத்துக்குப் போகும் கதவுகளில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயரமான வாசற்படி வைத்திருப்பார்கள், புடவையோடு தடுக்கும். தங்கத்தை வீட்டிலேயே விடுங்கள். கேபினில் சின்ன இரும்புப் பெட்டகம் இருக்கும், அது கடவுச்சீட்டுக்கும் பணத்துக்கும் போதும்.

பெங்களூர்: சின்னப் பயண இஸ்திரிப் பெட்டி எடுத்து வரலாமா?

கூடாது தம்பி. கடலில் தீ என்றால் ஓட இடமில்லை, அதனால்தான் இஸ்திரிப் பெட்டி, ஆவி இஸ்திரி, கெட்டில், ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் தடை. பெட்டிகள் ஸ்கேன் ஆகித்தான் கப்பலுக்குள் வரும். அதில் தெரிந்தால் பெட்டி உங்கள் கேபினுக்கு வராது, நீங்கள் பாதுகாப்பு அறைக்குப் போய் வரிசையில் நின்று திறந்து காட்டவேண்டும். பொருளை எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் கொடுப்பார்கள். நீட்டிப்பு ஒயர்களுக்கும் இப்போது பல கப்பல்களில் தடை. சுவரில் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டைமுனையும் ஐரோப்பிய உருண்டைமுனையும் இருக்கும். நம் ஊர் மூன்றுமுனைப் பிளக் நுழையாது, அடாப்டர் ஒன்று அவசியம்.

கும்பகோணம்: தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற பழக்கம். கற்பூரம், ஊதுபத்தி?

அதே தீ விதிதான் அம்மா. மெழுகுவத்தி, ஊதுபத்தி, கற்பூரம் எதையும் ஏற்ற முடியாது. சின்னப் படமும் திருநீற்று மடலும் கொண்டுபோங்கள். பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுச் சாமான் பற்றி ஒன்று. கடையில் சீல் வைத்த பருப்புப்பொடி, ஊறுகாய்ப் பாக்கெட் கப்பலுக்குள் பிரச்சினையில்லை. வீட்டில் சமைத்தது கூடாது. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மசாலா டப்பாவில் கசகசா இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

திருநெல்வேலி: பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொள்வார்களாமே. எப்போது கைக்கு வரும்?

இதுதான் எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி. துறைமுகத்தில் கேபின் எண் போட்ட அட்டையைப் பெட்டியில் கட்டிக் கொடுத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான பெட்டிகள் வண்டி வண்டியாக ஏறும். நீங்கள் மதியம் ஏறினால் பெட்டி சாயங்காலம் வரலாம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் வரலாம். பழைய காலக் கப்பல்களிலேயே முதல் இரவு யாரும் விருந்து உடை உடுத்துவதில்லை என்ற மரபு இருந்தது, பெட்டி பிரித்திருக்கமாட்டார்கள் என்பதால். இன்றும் முதல் இரவு ஃபார்மல் நைட் அநேகமாக வராது.

ஆக, தோளில் மாட்டும் பையில் கடவுச்சீட்டு, விசா, மருந்துகள், மூக்குக் கண்ணாடி, போன் சார்ஜர், ஒரு மாற்று உடுப்பு, குழந்தை இருந்தால் அதன் நீச்சலுடை. சர்க்கரை மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு இரவு ஒன்பது மணி வரை தாழ்வாரத்தில் காத்துக் கிடந்த ஒரு பெரியவரை மறக்கமுடியாது. கடைசியில் மருத்துவ அறைக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். கணவன் மனைவி துணிகளை இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதி கலந்து வையுங்கள், ஒன்று தவறினாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

நாகப்பட்டினம், வயது 78: சிறுவயதில் ரஜூலா கப்பலில் அப்பாவோடு பினாங்கிலிருந்து வந்தேன். டிரங்குப் பெட்டி, பாய், கூஜா எல்லாம் சுமந்தோம். இப்போது மகன் கூட்டிப்போகிறான். நான் எவ்வளவு கொண்டுபோகலாம்?

ஐயா, உங்களுக்குப் பதில் எழுதுவதே பெருமை. 1926-இல் கட்டிய ரஜூலாவில் டெக் பயணி, அதாவது கேபின் இல்லாமல் தளத்தில் படுத்து வருபவர் என்றால் விரிக்கப் பாய்கூட நாமே கொண்டுபோகவேண்டும். அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களில் பெட்டிக்கு இரண்டு விதச் சீட்டு ஒட்டுவார்கள்: 'வழியில் தேவை', 'வழியில் தேவையில்லை'. தேவையில்லாதது அடித்தளத்துக்குப் போய்விடும், ஊர் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும்.

இப்போது பயணத்தின்போது பெட்டியை அப்படி அடித்தளத்தில் போட்டுவைப்பதில்லை, எல்லாம் கேபினுக்கே வரும். அந்தக் கேபின் நம் வீட்டு ஒரு சின்ன அறை அளவுதான். காலிப் பெட்டி கட்டிலுக்கடியில் போகவேண்டும், அதனால் கெட்டிப் பெட்டி பெரிதாக ஒன்று வாங்குவதைவிட நடுத்தரப் பெட்டி இரண்டு நல்லது. ஒன்றுக்குள் ஒன்றாகவும் நுழைக்கலாம். உங்களுக்கு நான்கு வேட்டி, நான்கு சட்டை, ஒரு ஸ்வெட்டர், வழுக்காத செருப்பு, இரண்டு துண்டு போதும். பாய் வேண்டாம் ஐயா, மெத்தை நன்றாக இருக்கும்.

டொராண்டோ: 7 இரவு கரீபியன் பயணம். நாளுக்கு இரண்டு உடுப்பு என்று கணக்கிட்டால் பெட்டி மூடவே மாட்டேன் என்கிறது.

பகலுக்கு நாலு, இரவுக்கு மூன்று, விருந்துக்கு ஒன்று. அவ்வளவுதான். இரண்டு ஃபார்மல் நைட்டுக்கும் ஒரே புடவை, ரவிக்கை மட்டும் வேறு. ஆண்களுக்கு ஒரே கால்சட்டை, சட்டை மட்டும் வேறு. முதல் நாள் நீங்கள் என்ன உடுத்தினீர்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

துவைக்க வழியுண்டு. பிரின்சஸ், கார்னிவல், டிஸ்னி கம்பெனிக் கப்பல்கள் பலவற்றில் காசு கொடுத்து நாமே துவைக்கும் அறை இருக்கும். ராயல் கரீபியன், எம்எஸ்சி கப்பல்களில் அது இல்லை, பணியாளரிடம்தான் கொடுக்கவேண்டும். பயணத்தின் நடுவில் 'ஒரு பை நிறையத் துணிக்கு ஒரே விலை' என்று சலுகைச் சீட்டு கேபினுக்கு வருவதுண்டு, அதற்குக் காத்திருந்து உள்ளாடை, டீசர்ட், ஜீன்ஸ் போடுங்கள். சுங்குடி, கலம்காரி, கைத்தறிப் பருத்தி இவற்றை அந்தப் பையில் தயவுசெய்து போடாதீர்கள். லாண்டரியில் இருந்தவன் சொல்கிறேன்: தண்ணீரும் உலர்த்தியும் அவ்வளவு சூடு, சாயம் ஓடும், துணி சுருங்கும். சிவப்புச் சுங்குடி ஒன்றால் ஒருவரின் ஆறு வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகி வந்த நாளில் அழுகையே வந்துவிட்டது.

கேபின் சுவர் பெரும்பாலும் இரும்பு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப்போனால் ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் சுவரில் தொங்கும். இன்னொன்று, ராணுவ உடை மாதிரித் திட்டுத் திட்டான பச்சை டிசைன் போட்ட துணி எதுவும் வேண்டாம். பார்படாஸ், ஜமைக்கா போன்ற தீவுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைக்கும் சேர்த்து.

ஈரோடு: நீச்சல் குளத்தில் சுடிதாரோடு இறங்கலாமா?

பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள் தங்கச்சி. ஆனால் கை, கால் முழுக்க மூடும் நீச்சலுடை தாராளமாகப் போடலாம், நம் ஊர் விளையாட்டுச் சாமான் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று காயவேண்டுமே. நைட்டி, லுங்கி கேபினுக்குள் மட்டும்.

டல்லஸ்: ஜூலையில் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா. கோடைதானே, ஜாக்கெட் வேண்டுமா?

வேண்டும். அலாஸ்காவில் கப்பல் நிற்கும் ஜூனோவில் ஜூலைப் பகலிலேயே 18 டிகிரி போலத்தான் இருக்கும். பனியாறு பார்க்கும் அன்று காலையில் தளத்தில் நின்றால் பனிமேல் தவழ்ந்து வரும் காற்று எலும்பில் இறங்கும், அதை விட்டுவிட்டு உள்ளே போகவும் மனம் வராது. ஒரே கனத்த கோட்டைவிட உள்ளே ஒட்டும் பனியன், நடுவில் கம்பளி, மேலே தண்ணீர் ஊறாத மழைச்சட்டை என்று மூன்று அடுக்கு நல்லது. குல்லாய், கையுறை வேண்டும்.

குளிரைவிட மழை முக்கியம். அங்கே இன்னொரு துறைமுகமான கெச்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையில் 1,400 போல. காற்றில் குடை நிற்காது, தலைமூடி வைத்த மழைச்சட்டைதான். ஜீன்ஸ் நனைந்தால் கேபினில் இரண்டு நாள் காயாது, காற்சட்டை நைலானில் எடுங்கள். சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவிலும் நிற்கும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் கனடா விசாவை, கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த அட்டையைக் கைப்பையில் வைக்கவேண்டும்.

சென்னை: இலங்கைக் கப்பலில் காங்கேசன்துறை இறங்கி நல்லூர் போகிறோம். உடுப்பு?

நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், ஆகவே வேட்டி எடுங்கள். பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ. ஐரோப்பியப் பயணத்தில் ரோமுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும், புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். ஒரு துப்பட்டா போதும்.

கோலாலம்பூர்: கடைசி நாள் பெட்டியை எப்படித் திருப்பித் தருவார்கள்?

கடைசி இரவு ஒரு வண்ண அட்டை கொடுப்பார்கள். அதைக் கட்டிப் பெட்டியை, அவர்கள் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன், கேபின் வாசலில் வைத்துவிடவேண்டும். மறுநாள் கரையில் அந்த வண்ணத்துக்குரிய இடத்தில் இருக்கும். பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கவும் அனுமதி உண்டு, காலையிலேயே விமானம் இருந்தால் அதுதான் வசதி.

பெட்டி போனபின் திரும்ப எடுக்கமுடியாது. நான் பார்த்த ஒருவர் சுத்தமாக எல்லாத் துணியையும் மடித்து வாசலில் வைத்துவிட்டு, காலையில் இடுப்புத் துண்டோடு கதவைத் திறந்தார். பெட்டி அதற்குள் அடித்தளத்தில் மலைபோல் குவிந்த பெட்டிகளுக்குள் போய்விட்டது. எங்கள் ஸ்டோரிலிருந்து பணியாளர் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதோடுதான் குடிநுழைவு வரிசையில் நின்றார். மறுநாள் போடும் சட்டை, கால்சட்டை, உள்ளாடை, செருப்பு நான்கையும் நாற்காலிமேல் எடுத்து வைத்துவிட்டு, கடவுச்சீட்டும் மருந்தும் கைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.