பாட்டியின் சிக்கனமும் எடை போடும் தொட்டியும்

கேள்வி: ஜப்பானியர், கொரியர், சீனர் மூவருக்கும் சிக்கனம் ரத்தத்திலேயே ஊறியது. ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது என்று தாத்தா பாட்டி சொன்னதைப் பேரப்பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள். அதனால்தான் அங்கே சுற்றுச்சூழல் காப்பாற்றப்படுகிறது. பண்பாடு இருந்தால் சட்டம் எதற்கு? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கடைசி வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் தென் கொரியாவைப் பார்ப்போம். சோற்றோடு ஏழெட்டுத் தொடுகறிகளைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பரப்பி வைப்பது அங்கே விருந்தோம்பல். உணவகத்தில் கேட்கக் கேட்கக் காசில்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். இதுவும் பாட்டி காலத்து மரபுதான். சாப்பிட்டு மீந்தது குப்பைக்குப் போகும். சியோல் நகரம் 1978 முதல் 1993 வரை குப்பை கொட்டிய நான்ஜிதோ என்ற ஆற்றுத் திட்டு, ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்துக்குக் குப்பை மலையாக எழுந்து நின்றது. போரையும் பட்டினியையும் நேரில் பார்த்த தலைமுறை உயிரோடு இருந்த காலம் அது. அவர்கள் சிக்கனத்தை மறந்துவிடவில்லை. அந்தச் சிக்கனம் வீட்டு வாசலைத் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

அதைத் தாண்ட வைத்தது சட்டம். 1995 முதல் குப்பை போடும் பையையே காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றார்கள். 2005இல் உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைக்கத் தடை வந்தது. 2013இல் உணவுக் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறை நாடு முழுவதும் பரவியது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தொட்டியிடம் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். போட்டதை எடை போட்டு, வீட்டுக் கணக்கில் ஏற்றிவிடும். அப்புறம்தான் மீந்த குழம்பிலிருந்து நீரை வடித்துவிட்டுக் கொட்டும் பழக்கம் வந்தது. இன்று அந்நாட்டின் உணவுக் கழிவில் 90 சதவீதத்துக்கு மேல் தீவனமாகவோ உரமாகவோ எரிவாயுவாகவோ மாறுகிறது.

மரபுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1997இல் நாணய நெருக்கடி வந்தபோது, பார்த்துச் செலவு செய், பகிர்ந்துகொள், மாற்றிக்கொள், திரும்பப் பயன்படுத்து என்ற இயக்கம் கொரியா முழுக்கப் பரவியது. பழைய பழக்கம் உள்ளே இருந்ததால்தான் மக்கள் உடனே கைகொடுத்தார்கள். இன்றைய இளைஞர்கள் அக்கம்பக்கத்தாரிடம் பழைய பொருளை விற்கவும் வாங்கவும் செயலி வைத்திருக்கிறார்கள். ஆனால் பழக்கம் மட்டும் போதும் என்றால் நான்ஜிதோ எழுந்திருக்காது.

இன்னொன்று: மரபு என்று ஒரே குரலில் சொல்கிறோமே, அது எப்போது ஒரே குரலில் பேசியது? சடங்கில் ஆடம்பரத்தைவிட எளிமை மேல் என்றார் கன்பூசியஸ். அவருடைய வழிவந்தவர்களே ஆடம்பர ஈமச் சடங்கில் செல்வத்தை வீணடிக்கிறார்கள் என்று இன்னொரு சீனச் சிந்தனையாளரான மோ ட்சு அடுத்த நூற்றாண்டில் சாடினார். சீன விருந்தில் இன்றைக்கும் தட்டு காலியானால் அழைத்தவருக்குக் கௌரவக் குறைவு. தின்று தீராத அளவுக்கு வரவழைப்பதுதான் மரியாதை. 2013இல் தட்டைக் காலி செய்யுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அது போதாமல் 2021இல் உணவு வீணடிப்புக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தார்கள். அளவுக்கு மேல் மீதம் வைப்பவரிடம் உணவகம் தனிக் கட்டணம் கேட்கலாம். மூச்சு முட்டத் தின்று காட்டும் காணொளிகளுக்கு 1 லட்சம் யுவான் வரை அபராதம்.

தலைமுறை பற்றிச் சொன்னீர்கள். 1959 முதல் 1961 வரை சீனாவை வாட்டிய பஞ்சத்தையும் அதன்பின் வெகுகாலம் நீடித்த தானியச் சீட்டையும் பார்த்த பாட்டி ஒரு பருக்கையை விடமாட்டார். அது பூமியின் மேல் உள்ள அக்கறையால் வந்ததல்ல. நாளைக்குக் கிடைக்குமா என்ற பயத்தால் வந்தது. அந்தப் பயம் பேத்திக்கு வரவேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டோம். பயம் இல்லாத இடத்தில் வேறு காரணம் வேண்டும். ஜப்பானில் இது வேறு விதமாகத் தெரிகிறது. எறிய மனமில்லாமல் முதியவர் சேர்த்து வைத்ததை, அவர் இறந்தபின் பிள்ளைகள் காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறார்கள். இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு பகுதி கப்பலேறிப் பிலிப்பைன்ஸின் பழைய பொருள் கடைகளுக்குப் போகிறது.

2005இல் ஜப்பானுக்குப் போன கென்யாவின் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய், வீணாக்காதே என்ற அவர்களுடைய பழைய எண்ணத்தை உலகுக்கே எடுத்துச் சொன்னார். ஆனால் அதே ஜப்பான், தலைக்கு எவ்வளவு பிளாஸ்டிக் பொட்டலக் கழிவு என்ற கணக்கில் அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருப்பதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் சொன்னது. கோடையிலும் ஆண்டு முடிவிலும் பரிசு கொடுப்பது, அதை அழகாகச் சுற்றிக் கொடுப்பது, இவையும் அங்கே மரபுதான். 2020 ஜூலையில் கடைப் பைக்குக் கட்டாயக் கட்டணம் வந்ததும், பை வேண்டாம் என்பவர்கள் சில மாதங்களிலேயே பெரும்பான்மை ஆனார்கள். ஒரு பைக்குச் சில யென்தான்.

பண்பாடு போதும் என்ற வாதத்தில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் பொட்டலம் போட்டு விற்பவர்கள். குற்றம் முழுவதும் வீட்டு மேல் விழுந்துவிடுகிறது அல்லவா? ஜப்பானின் 1995ஆம் ஆண்டுப் பொட்டலச் சட்டம் மறுசுழற்சிச் செலவைத்தான் நிறுவனங்கள் மேல் வைத்தது. தெருத்தெருவாகச் சேகரித்துத் தரம் பிரிக்கும் செலவு உள்ளாட்சியுடையது, அதாவது வரி கட்டுபவருடையது. கழுவி, காயவைத்து, உரிய கிழமையில் வெளியே வைக்கும் வேலை இன்னமும் அந்தப் பாட்டிக்கும் அவர் மருமகளுக்கும்தான்.