டஜன் கட்டுக்கு 2, 6 சோதனை போதாது
வணக்கம் நண்பரே. குடியாத்தம் லுங்கி 2,562 இருக்கிறது, 2ஆலும் 6ஆலும் வகுபடுகிறது, ஆனால் டஜன் டஜனாகக் கட்டினால் 6 மிஞ்சுகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணியதில் தப்பில்லை, சோதனையில்தான். 6க்குள்ளேயே 2 இருக்கிறது. அதைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

12க்கு 3, 4 இரண்டையும் பாருங்கள். இவற்றுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 2+5+6+2=15, அது 3ஆல் வகுபடுகிறது, அதனால் 3 சரி. 4க்குக் கடைசி இரண்டு இலக்கமே போதும். 100 நாலால் மீதியில்லாமல் வகுபடுவதால் நூறுகளை விட்டுவிடலாம். 62ஐ நாலால் வகுத்தால் 2 மிஞ்சுகிறது. சிக்கல் அங்கேதான்.

அப்புறம், வேலூருக்கு அனுப்பும் முன் இன்னும் 6 லுங்கி சேர்த்துவிடுங்கள். 2,568 ஆகும், சரியாக 214 டஜன்.