பட்டறைப் பக்கம்: உடைந்த முகத்தைப் பார்த்துவிட்டு இரும்பு வாங்குங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் அரிசி ஆலையில் தானியத்தை மேலே தூக்கும் எலிவேட்டரின் தலை ஷாஃப்ட் (உச்சியில் சுற்றும் தண்டு) இரண்டாம் முறையாக உடைந்துவிட்டது. 50 மி.மீ. கம்பி, 5 எச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு 100 சுற்று. 24 அங்குல புல்லி பேரிங்கிலிருந்து எட்டு அங்குலம் வெளியே நிற்கிறது. 60 மி.மீ. போடச் சொல்கிறார் லேத்காரர். இன்ஜினியரிங் படிக்கும் என் மகனோ, 'உள்ளே துளையுள்ள ஷாஃப்ட்தான் பலம்' என்கிறான். எதைக் கேட்பது? உடைந்த துண்டின் படம் இணைத்துள்ளேன்.
– வாசகர், புதுவயல்

பதில்: படம் அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. உடைந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பாக, கிளிஞ்சலின் முதுகைப்போல வரிவரியாகத் தெரிகிறது. ஓரத்தில் கொஞ்சம்தான் சொரசொரப்பு. இது ஒரே நாளில் உடைந்தது இல்லை. சாவிக்காடியின் (புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி உட்கார வெட்டிய பள்ளம்) முனையில் மயிரிழை விரிசல் விழுந்து, நாள்கணக்கில் உள்ளே நகர்ந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சிய கொஞ்ச இரும்பு தாங்காமல் விட்டுவிட்டது.

கணக்கையும் பார்த்துவிடலாம். 5 எச்.பி., 100 சுற்று என்றால் முறுக்கு சுமார் 350 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. கம்பியில் அது சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன்தான். காடி வெட்டிய சாதாரண ஷாஃப்ட்டுக்கு 40 வரை வைப்பது வழக்கம். ஆக, முறுக்கினால் உடையவில்லை.

வளைவுதான் வேலையைக் காட்டியிருக்கிறது. பெல்ட்டின் இரண்டு பக்க இழுப்பும் சேர்ந்து ஏறக்குறைய 240 கிலோ. அது எட்டு அங்குலம் தள்ளி இழுப்பதால் பேரிங் ஓரத்தில் சதுர மி.மீ.க்கு 38 நியூட்டன் வருகிறது. காடியின் கூர்மையான மூலை அதை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆக்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் ஒருமுறை இழுபடும், ஒருமுறை நசுங்கும். பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு 60,000 தடவை. 25 நாளில் 15 லட்சம். நழுவுகிறதென்று பெல்ட்டை இன்னும் இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. முறுக்கும்போது ஷாஃப்ட்டின் நடுவில் அழுத்தம் பூஜ்யம், மேற்பரப்பில்தான் உச்சம். விட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போட்டால் எடை 25 சதவீதம் குறையும், பலம் 6.25 சதவீதம்தான் குறையும். அதே எடை இரும்பை, பாதி விட்டத் துளையோடு 69 மி.மீ. ஆக்கினால், 60 மி.மீ. கெட்டிக் கம்பியைவிட 44 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். தம்பி இதைத்தான் படித்திருப்பார். ஆனால் பலம் கூடுவது வெளிவிட்டம் பெருகுவதால். அதே 50 மி.மீ. கம்பிக்குள் துளை போட்டால் பலம் கூடிவிடாது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். எடை மிச்சமாகுமே என்றால், 50 மி.மீ. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்துப் பாருங்கள்: கம்பியின் எடை மீட்டருக்கு 15.4 கிலோ. துளையிட்டால் மிச்சம் 4 கிலோகூட வராது. நீளத் துளை போடும் கூலி அதை விழுங்கிவிடும். பைப் வாங்கிப் போடலாமா என்றால் அதுவும் கூடாது. 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு சாவி 14 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரம். காடி ஆழம் 5.5 மி.மீ. ஐந்து மி.மீ. சுவருள்ள பைப்பில் காடி வெட்டினால் மறுபக்கம் தெரியும்!

60 போட்டால் பலம் 1.7 மடங்காகும், சரிதான். ஆனால் பேரிங், அதைத் தாங்கும் பிளம்மர் பிளாக், புல்லித் துளை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். காடி மூலை மட்டும் அதே கூர்மையோடு இருக்கும். நான் சொல்வது: அதே 50 மி.மீ., இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியில் செய்யுங்கள். புல்லியை நான்கு அங்குலத்துக்குள் கொண்டுவந்தால் வளைவு பாதியாகிவிடும். படத்தில் காடி பேரிங் வரைக்கும் ஓடுகிறது. அதைப் புல்லியின் குடத்துக்குள்ளேயே (ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதி) முடித்துவிடுங்கள். முனையைச் செங்குத்தாக நிறுத்தாமல், வட்டக் கட்டரால் மெல்லச் சரிந்து மேலேறும்படி வெட்டச் சொல்லுங்கள். காடியின் அடிமூலையில் சின்ன வளைவு இருக்கட்டும்.

உடைந்ததை வெல்டு வைத்து ஓட்ட மட்டும் வேண்டாம். இ.என்.8 வெல்டின் ஓரத்தில் கடினப்பட்டு மறுபடி விரியும். அந்தப் புல்லி கழன்று விழும் இடத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் நடமாடுகிறார்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேள்வி: எண்ணெய் ஆலையில் நிலக்கடலைப் பருப்பைத் தள்ளும் ஸ்க்ரூ கன்வேயருக்கு (திருகுத் தகடு சுற்றிய தண்டு) 3 மீட்டர் நீளத்தில் 50 மி.மீ. கம்பி போட்டிருக்கிறோம். நடுவில் தொங்கித் தொட்டியில் உரசுகிறது.
– வாசகி, தேவகோட்டை

பதில்: உங்களுக்கு பைப்தான் சரி, ஆச்சி. தகடுகளின் எடை சேராமலே அந்தக் கம்பி நடுவில் 2.6 மி.மீ. தொங்கும். 76 மி.மீ. வெளிவிட்டம், 4.5 மி.மீ. சுவருள்ள பைப் போட்டால் அது 0.6 மி.மீ. ஆகும். எடையும் ஏறத்தாழ பாதிதான். இரண்டு முனையிலும் கெட்டித் துண்டு ஷாஃப்ட்டைக் கச்சிதமாகச் செருகி, குறுக்கே போல்ட் போட்டுப் பூட்டுங்கள். பேரிங்கும் சாவியும் அந்தத் துண்டிலேயே வரட்டும். தகடுகளின் வெளிவிட்டம் மாறக் கூடாது. பைப் பருமனாவதால் பருப்பு போகும் இடம் குறையும். வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.