செகரட்டரி வேலைக்கு இன்டர்வியூ: வாசகர் கேள்விகள்

பயோடேட்டாவில் டைப்பிங் வேகம் நிமிடத்துக்கு 50 சொல் என்று போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் இன்டர்வியூ. அங்கேயே டைப்பிங் டெஸ்ட்டும் உண்டாம். சமாளிக்க முடியுமா?

அந்த 50 பிழையைக் கழித்ததா, கழிக்காததா? டைப்பிங் கணக்கில் ஒரு ‘சொல்’ என்பது இடைவெளியும் சேர்த்து 5 தட்டல். 5 நிமிடத்தில் 1,250 தட்டல் என்றால் 250 சொல், அதாவது நிமிடத்துக்கு 50. பிழைக்கு ஒரு சொல் கழிக்கும் முறையில், 20 பிழை இருந்தால் மிஞ்சுவது 230. வேகம் 46 ஆகிவிடும். கழிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், டெஸ்ட் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். பின்னால் போய்த் திருத்தலாமா என்பதையும் கேளுங்கள்.

ஒரு நிமிடப் பயிற்சியை நம்பாதீர்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் விரல் தடுமாறும். தினமும் 5 நிமிடம் வீதம் நாலைந்து முறை, தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு அடியுங்கள். அது இத்தனை நாள் மூடிமறைத்த பிழைகளெல்லாம் அப்போது வெளியே வரும். கதைப் பகுதியை அடிப்பதைவிட முகவரி, தேதி, தொகை நிறைந்த கடிதமே நல்ல பயிற்சி. எண் வரிசைக்குப் போகும்போதுதான் பலருக்கு வேகம் சரிகிறது. வீட்டில் லேப்டாப்பில் பழகியவர்களுக்கு அங்கே உயரமான விசைப்பலகை வந்தால் கை திணறும். இரண்டு நிமிடம் அடித்துப் பார்க்க அனுமதி கேட்பதில் தவறே இல்லை.

“உங்கள் அதிகாரிக்கு ஒரே நேரத்தில் இரண்டு மீட்டிங். என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்களாம். “முக்கியமானதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவேன்” என்றால் போதுமா?

போதாது. எது முக்கியம் என்று முடிவு செய்வது யார்? அங்கேதான் மடக்குவார்கள். எதிலாவது வெளியாட்கள் இருக்கிறார்களா, அதிகாரிக்குப் பதில் வேறொருவர் போகலாமா, இரண்டுக்கும் வேறு எந்த நேரம் ஒத்துவரும் என்று விசாரித்து, இரண்டு வழிகளை அதிகாரி முன் வைப்பேன். அவர் சொல்லும்வரை எதையும் ரத்து செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள். மாற்றிய பிறகு காலண்டரோடு அறை முன்பதிவு, வீடியோ இணைப்பு, வண்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அறையை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் சொதப்பல்.

வெளிநாட்டுக்காரர் இருந்தால் நேரத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதுவேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஐ.எஸ்.டி.’ (IST) என்ற நேரச் சுருக்கம் இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுக்கும் பொருந்தும்!

மீட்டிங் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டி மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதச் சொல்வார்களாமே?

சொல்வதுண்டு. பேசியதையெல்லாம் எழுதுகிறவர்தான் அதில் தோற்பார். “பிரின்டர் பற்றி நீண்ட நேரம் விவாதிக்கப்பட்டது” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. “புதிய பிரின்டர் வாங்க முடிவு. 3 கொட்டேஷன் வாங்குவது கணக்குப் பிரிவு. கெடு: 14, வெள்ளி.” இப்படி முடிவு, ஆள், நாள் மூன்றும் இருக்க வேண்டும். 14ஆம் தேதி உண்மையிலேயே வெள்ளிதானா என்று காலண்டரைப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பான கிழமையைச் சொல்லியிருக்கக்கூடும். பொருந்தாவிட்டால் நீங்களாகத் திருத்தாமல், ‘உறுதி செய்ய வேண்டும்’ என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் தயாரித்த கடிதங்களை மாதிரிக்கு எடுத்துப் போகலாமா?

கூடவே கூடாது. பெயரை மை பூசி மறைத்தாலும் சரி. பழைய ஆபீஸ் காகிதத்தை இங்கே காட்டுகிறவர், நாளை இந்த ஆபீஸ் காகிதத்தை வேறெங்கோ காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். “பழைய பாஸ் எப்படி?” என்ற கேள்விக்கும் இதே எச்சரிக்கை. மாதிரி கேட்டிருந்தால், கற்பனைப் பெயர்களில் ஒரு கடிதம், ஒரு பக்க மினிட்ஸ், இரண்டு நாள் பயணத் திட்டம் என்று புதிதாகத் தயாரித்து, அச்செடுத்து, வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்; நாம் அடித்த பிழை நம் கண்ணில் படாது.