காலாவதிக் கோப்பு எச்சரிக்கை: அழிப்பதற்கு முன் முகவரியைப் படியுங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் வடிவமைத்துக் கொடுக்கிறேன். அதே கணினியில்தான் மனைவி வங்கிக் கணக்கு பார்க்கிறார். மகள் கல்லூரிப் பாடம் செய்கிறாள். விண்டோஸ் 10. பெங்களூரில் இருக்கும் மைத்துனர் ஒரு பாதுகாப்பு மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து, 'காலாவதியான கோப்புகள் உள்ளன' என்று சிவப்புப் பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. வின்ரார், ஃபிளாஷ், ஜாவா, பேஜ்மேக்கரோடு வந்த பழைய அக்ரோபேட், ஸ்கேனர் ஃபோல்டரில் ஏதோ டி.எல்.எல். கோப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வின்ராரைப் புதுப்பித்துவிட்டேன், அப்படியும் எச்சரிக்கை போகவில்லை. கடையில் கேட்டால் ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார்கள். அந்தக் கோப்புகளை நானே அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள் ஐயா. ஃபார்மட்டும் வேண்டாம். பட்டியல் நீளமாக இருந்தாலும் இன்றே முடிக்க வேண்டியவை இரண்டுதான்: சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் வின்ரார் ஒன்று, விண்டோஸ் 10 இன்னொன்று. மற்றவற்றை அழைப்பிதழ் வேலை ஓய்ந்திருக்கும் ஆடி மாதத்தில் நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தச் சிவப்புப் பட்டியல் சொல்வது என்னவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு கோப்பின் பதிப்பு எண்ணையும் பார்த்து, 'இதற்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது, பழையதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது ஊரறிந்த விஷயம்' என்று சொல்கிறது. அதை அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டேன். 2017 மே 12 அன்று உலகம் முழுவதும் கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் திருத்தத்தைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

ஆனால் பட்டியலில் உள்ள எல்லாமே ஒரே அளவு ஆபத்து இல்லை. அலமாரி மூலையில் கிடக்கும் காலாவதி மாத்திரை வேறு, தினமும் விழுங்குகிற காலாவதி மாத்திரை வேறு. கோப்பு ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: வெளியாட்கள் அனுப்புகிற எதையாவது இந்த மென்பொருள் திறக்கிறதா? திறக்கிறது என்றால் அதற்குத்தான் முதலிடம். உங்கள் தொழிலில் அந்த இடம் வின்ராருக்கு.

யோசித்துப் பாருங்கள். பெண் வீட்டார் அனுப்பும் புகைப்படங்கள், கோயில் கமிட்டி அனுப்பும் பெயர்ப் பட்டியல், வேறொரு அச்சகம் அனுப்பும் எழுத்துருக்கள் என்று பலவும் சுருக்கிய கோப்பாகத்தான் வந்து சேர்கின்றன. அனுப்புகிறவர் யாரென்றே பல நேரம் உங்களுக்குத் தெரியாது. 2023இல் வின்ராரில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இந்த இடத்தில்தான் இருந்தது. சுருக்கிய கோப்புக்குள் ஒரு படம் இருப்பதுபோலத் தெரியும். அதை இருமுறை சொடுக்கினால் அதே பெயரில் ஒளிந்திருக்கும் வேறொரு நிரல் ஓடும். பங்கு வர்த்தகம் செய்பவர்களைக் குறிவைத்து அதைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. 2025இல் மறுபடியும் ஓர் ஓட்டை. ஜூலை இறுதியில் வந்த 7.13 பதிப்பில் அதை அடைத்தார்கள். வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. ஒருமுறை போட்டால், நாம் கை வைக்கும்வரை அதே பதிப்பில்தான் கிடக்கும். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் நான் பார்க்கிற வீட்டுக் கணினிகளில் மிகப் பழையதாக இருப்பது பெரும்பாலும் இதுதான்.

சரி, நீங்கள் புதுப்பித்த பிறகும் எச்சரிக்கை ஏன் போகவில்லை? இதற்கு விடை முகவரியில் இருக்கிறது. பாதுகாப்பு மென்பொருளின் பட்டியலில் வின்ரார் வரியைச் சொடுக்கி, விவரத்தைத் திறந்து பாருங்கள். கோப்பு இருக்கும் பாதை முழுவதுமாகத் தெரியும். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் உண்டு. ஒன்றின் பெயரில் கூடுதலாக எக்ஸ்86 என்று இருக்கும். 32 பிட் மென்பொருள்கள் குடியிருப்பது அங்கே. நீங்கள் இப்போது போட்டது 64 பிட் பதிப்பாக இருந்தால் அது மற்றொரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். பழைய 32 பிட் வின்ரார் எக்ஸ்86 ஃபோல்டரில் அப்படியே இருக்கும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். எச்சரிக்கை சொல்வது சரி. புதியது வந்தது, பழையது போகவில்லை.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து வின்ரார் என்று தேடுங்கள். இரண்டு வரிகள் வந்தால், 32 பிட் என்று போட்டிருப்பதை அங்கிருந்தே நீக்குங்கள். ஃபோல்டரைப் பிடித்து டெலிட் செய்வது நீக்குவது ஆகாது; பதிவுகள் பாதி நிற்கும், பாதி போகும். நீக்கிய பிறகு, வலது பொத்தானை அழுத்தினால் வரும் வின்ரார் மெனு காணாமல் போகலாம். பதற வேண்டாம். புதிய பதிப்பின் நிறுவியை இன்னொரு முறை ஓட்டினால் திரும்பி வந்துவிடும். அந்த நிறுவியை வின்ரார் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'கிராக்' செய்த பதிப்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓட்டையை அடைக்கப் போய் திருடனையே உள்ளே உட்கார வைப்பதாகிவிடும்.

அடுத்து விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான பதிவு இணைப்பைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அங்கே சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. பாதுகாப்பு மென்பொருள்தான் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அது காவல் இருக்குமே தவிர, விண்டோஸில் உள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. உங்கள் மனைவி வங்கிக் கணக்கைத் திறப்பதும் இதே கணினியில்தான். கணினி விண்டோஸ் 11 ஏற்குமா என்பதையும் அதே பக்கம் சொல்லும். ஏற்காவிட்டால் அந்த அவகாசத்தைப் புதிய கணினிக்குப் பணம் சேர்க்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இணையப் பக்கங்களில் அசையும் படங்களைக் காட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயருக்குள்ளேயே படங்கள் ஓடாதபடி தடுத்துவிட்டது. அது உங்கள் வீட்டில் இருந்து ஒரு பயனும் இல்லை. முகவரி விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, மேக்ரோமெட் என்று போனால் அது விண்டோஸோடு வந்ததாக இருக்கக்கூடும். கையால் அழிக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று மறுக்கும். அதை நீக்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் கேபி4577586 என்ற திருத்தத்தைக் கொடுத்தது. விண்டோஸ் அப்டேட்டை ஒழுங்காக ஓட விட்டால் அது தானே போய்விடும். தனியாக நிறுவிய ஃபிளாஷ் என்றால் ஆப்ஸ் பட்டியலில் இருக்கும், நீக்கிவிடுங்கள்.

சில மென்பொருள்கள் ஓடுவதற்குத் துணையாக இருக்கும் ஜாவாவில் மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜே.ஆர்.இ.6, ஜே.ஆர்.இ.7 என்று பழைய ஃபோல்டர்கள் அடுத்தடுத்து நிற்பது இதன் பழைய வழக்கம். புதிய தலைமுறை வந்தாலும் முந்தையது போகாது. இணையப் பக்கத்துக்குள் ஜாவாவை ஓட்டும் செருகியை குரோம் 2015லேயே கைவிட்டுவிட்டது, ஆகவே இணையம் பார்க்க இது தேவையே இல்லை. ஆனால் டிஜிட்டல் கையொப்பக் கருவியைச் செருகி ஜி.எஸ்.டி. கணக்கோ வேறு எதுவுமோ தாக்கல் செய்பவர் யாராவது இந்தக் கணினியைப் பயன்படுத்தினால், அதற்கு ஜாவா தேவைப்படலாம். மகளின் பாடத்துக்கும் வேண்டியிருக்கலாம். அப்படியானால் புதிய பதிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். யாருக்கும் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

இப்போது உங்களை அதிகம் பயமுறுத்திய டி.எல்.எல். கோப்புகள், அதாவது மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவையான துணைக் கோப்புகள். ஸ்கேனர் ஃபோல்டருக்குள் இருக்கும் எம்.எஸ்.வி.சி.ஆர்.100 போன்ற கோப்பு, விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 என்ற தொகுப்பைச் சேர்ந்தது. ஸ்கேனர் மென்பொருளை எழுதியவர் அதை நம்பி எழுதியிருக்கிறார். பழையது என்று அழித்தால் மறுநாள் ஸ்கேனர் திறக்காது. 'அந்தக் கோப்பைக் காணவில்லை' என்று ஒரு செய்தி வரும். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பெயரைக் கூகுளில் தேடுவார்கள், இலவசமாக டி.எல்.எல். தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு தளம் வரும், அங்கிருந்து இறக்கிப் போடுவார்கள். வைரஸ் நுழைவது அந்த வழியில். பழைய டி.எல்.எல். கொஞ்சம் ஆபத்து என்றால் இது பல மடங்கு ஆபத்து. 2015க்குப் பிந்தைய விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு புதிதாக இருக்கிறது என்பதற்காக 2010 தொகுப்பை நீக்கவும் கூடாது. அந்தந்த மென்பொருளுக்கு அந்தந்த ஆண்டின் தொகுப்பு வேண்டும். ஸ்கேனர் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதிய மென்பொருள் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள். ஸ்கேனர் திறப்பது நீங்கள் கண்ணாடிமேல் வைக்கும் காகிதத்தைத்தானே.

விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாதுகாப்பு மென்பொருளில் 'இந்த எச்சரிக்கையை மறை' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். 'இந்த ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கு' என்ற பொருளில் இன்னொன்று இருக்கும். முதலாவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதைத் தொட்டால் அந்த ஃபோல்டரில் நாளைக்கு உண்மையான வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் மென்பொருள் எட்டிப் பார்க்காது.

விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் பட்டியலில் இருந்தால் டிஸ்க் கிளீனப் மூலம் நீக்கலாம். டி டிரைவில் 'சாஃப்ட்வேர்' என்று ஒரு ஃபோல்டர் பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் கிடக்கும் பழைய நிறுவிகளை டெலிட் செய்யத் தடையில்லை. பேஜ்மேக்கர் நிறுவியையும் எழுத்துருக்களையும் மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

நீங்கள் அழைப்பிதழ் வடிவமைக்கும் பேஜ்மேக்கரைப் பற்றித்தான் உங்களுக்கு உள்ளூரக் கவலை என்று நினைக்கிறேன். 2001இல் வந்த 7.0 வரிசையோடு அது நின்றுவிட்டது; புதுப்பிக்க எதுவும் இல்லை. ஆனாலும் பாமினி எழுத்துருவில் இத்தனை ஆண்டுகள் செய்த அழைப்பிதழ் மாதிரிகள் அதில்தான் இருக்கின்றன, அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தேவையும் இல்லை. பேஜ்மேக்கர் திறப்பது பெரும்பாலும் நீங்களே உருவாக்கிய கோப்புகளை. அடுத்தவர் அனுப்பும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க நேர்ந்தால் முதலில் பாதுகாப்பு மென்பொருளில் சோதியுங்கள். அதோடு வந்த பழைய அக்ரோபேட்தான் கவனிக்க வேண்டியது. அழைப்பிதழை பி.டி.எஃப். ஆக்க டிஸ்டில்லர் உங்களுக்கு வேண்டும், அது இருக்கட்டும். வெளியிலிருந்து வருகிற பி.டி.எஃப். எதையும் பழைய அக்ரோபேட் ரீடரில் திறக்காதீர்கள். ஏதாவது ஒரு பி.டி.எஃப். கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் வித்' சென்று, எட்ஜையோ புதிய ரீடரையோ 'எப்போதும் இதிலேயே திற' என்று நிலைப்படுத்திவிடுங்கள்.

ஃபார்மட்டை நான் மறுப்பதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. கடைக்காரரின் பென் டிரைவில் உள்ள விண்டோஸ், இப்போது உங்களிடம் இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருக்கலாம். உரிமம் இல்லாத பிரதியாக இருந்தால் அப்டேட்டையே முடக்கி வைத்திருப்பார்கள். போன மென்பொருள்களுக்குப் பதிலாக அதே பழைய வின்ராரையும் திரும்பப் போட்டுக் கொடுப்பார்கள். எச்சரிக்கை பழையபடி வரும், எழுத்துருக்கள் மட்டும் போயிருக்கும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் எழும்பி வருகிற எல்லா எச்சரிக்கையும் பாதுகாப்பு மென்பொருளிடமிருந்து வருவதில்லை. ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியதால் குரோம் வழியாக வரும் விளம்பரமும் அதே மாதிரி வேடமிட்டு வரும். அந்த எச்சரிக்கையைச் சொடுக்காமல், பாதுகாப்பு மென்பொருளை நீங்களே திறந்து பாருங்கள். உள்ளே அந்தச் செய்தி இல்லையென்றால் அது போலி. தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் எண் கொடுப்பதில்லை. குரோம் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களைப் பார்த்து, தெரியாதவற்றை நீக்குங்கள். வீட்டில் யாராவது அழைத்துப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் அழைப்பிதழ் கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக நோட்டீஸ் வேலை குவிந்து கிடக்கிற நாட்களில் ஜாவாவையும் அக்ரோபேட்டையும் நீக்க உட்காராதீர்கள். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. நம் நேரப்படி அது இரவாகிவிடும். எனவே மறுநாள் புதன்கிழமை மாலை அப்டேட்டை ஓட விடுங்கள். அன்று மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை இல்லை என்பதையும், யு.பி.எஸ். பேட்டரி தாங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பிக்கலாமா என்று பாதுகாப்பு மென்பொருள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதியில் மின்சாரம் போனால் கணினி திறக்காமலே போய்விடக்கூடும். வின்ராரை மாற்றியதும் பட்டியலை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்த வரி அப்போதும் சிவப்பாக இருந்தால், முகவரியைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.