டாக்டரிடம் கேளுங்கள்: திருநரும் புற்றுநோய்ப் பரிசோதனையும்

கேள்வி: நான் திருநங்கை, வயது 52. பதினோரு வருடமாக ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறேன். பாலின மாற்று அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. மேமோகிராம் அவசியமா? புராஸ்டேட் கவலை இனி இல்லைதானே?
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிடுங்கள். வயது 50ஐத் தாண்டி, ஹார்மோன் தொடங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. மார்பில் சிலிகான் பை வைத்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பையைப் பின்னே தள்ளி, திசுவை மட்டும் முன்னே இழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். சிலிகானை ஊசியாக ஏற்றியிருந்தால் அது படத்தில் வெள்ளைத் திட்டுகளாக விழுந்து திசுவை மறைக்கும். அப்போது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ஊசி போட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த அறுவையில் விரைகளை எடுப்பார்கள், புராஸ்டேட்டைத் தொடமாட்டார்கள். எடுத்தால் சிறுநீர் அடக்க முடியாமல் போகக்கூடும். ஹார்மோனால் அது சுருங்கியிருக்கும், புற்றுநோய் வாய்ப்பும் குறைவு. ஆனால் புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 4 வரை நார்மல் என்று லேப் அச்சடித்துத் தரும். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு சரிவராது. 1ஐத் தாண்டினாலே சிறுநீரக அறுவை நிபுணரைப் பாருங்கள். பதிவில் 'பெண்' என்றிருந்தால் சில லேப் கணினிகள் இந்தப் பரிசோதனையை ஏற்காமல் போகலாம். 'புராஸ்டேட் உள்ளது' என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருநம்பி நான், வயது 34. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவதால் மாதவிடாய் நின்றுவிட்டது. பாப் ஸ்மியர் எதற்கு?
- வாசகர், கோவை

பதில்: பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் புற்றுநோய் அறிகுறி உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை. கருப்பை வாய் இருக்கும்வரை அது வேண்டும். டெஸ்டோஸ்டிரோனால் அங்குள்ள தோல் மெலிந்துவிடும். அதனால் மாதிரி எடுக்கும்போது வலிக்கும், போதுமான செல்களும் கிடைக்காது, 'மறுபடி வாருங்கள்' என்பார்கள். மெலிந்த செல்கள் மைக்ரோஸ்கோப்பில் கோளாறானவைபோலவும் தெரியலாம். எனவே ஊசி போடுவதையும் மாதவிடாய் இல்லாததையும் லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிறிய அளவு ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) கேளுங்கள். ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே பிறப்புறுப்பில் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவலாமா என்றும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இதெல்லாம் வேண்டாமென்றால், நீங்களே பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை இருக்கிறது.

இன்னொன்று: சி.டி. ஸ்கேனுக்கு முன் 'கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா?' என்று கேட்டால் கோபப்படாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தல்ல.